உரிமையாளரின் பதில்

வாயைத் திறக்காதம்மா. முகத்துலயும் கழுத்துலயும் பேக் போட்டிருக்கு. காயிற வரைக்கும் பேசவும் கூடாது, சிரிக்கவும் கூடாது. நீ கேட்டதுக்கு நான் சொல்றேன், நீ பாட்டுக்குப் படுத்துக் கேட்டுக்கிட்டிரு.

வீட்டுல கேக் செஞ்சு விக்கப் போறேங்கிற. நல்ல தொழில்தான். ஆனா கேக் நல்லா இருந்தா ஆள் தானா வந்துரும்னு மட்டும் நினைச்சுராத. நானும் ஒரு காலத்துல அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். இந்தத் தேனியில கஸ்தூரி பிரைடல்னா தெரியாதவங்க உண்டா? ஆட்டோக்காரங்ககிட்ட சொன்னா வாசல்ல கொண்டாந்து இறக்கிருவாங்க. அப்படி இருந்த கடை. எதிர்த்த வரிசையில ஒருத்தி, மெட்ராஸ்ல படிச்சுட்டு வந்தேன்னு கடையைப் போட்டா. புருவம் எடுக்கச் சொன்னா ரெண்டும் ரெண்டு ஊர்ல நிக்கும். அந்த லட்சணத்துல வேலை. ஆனா போனைத் திறந்து தேனியில மேக்கப்னு தட்டுனா அவ பேருதான் முதல்ல வருது. ஸ்டாரா மின்னுது. சடங்குக்கு என்கிட்ட ஜடை பின்ன வந்த புள்ள, கல்யாணத்துக்கு அவகிட்ட போயிருச்சு. ஏம்மா இப்படின்னு கேட்டா, அக்கா உங்களுக்கு ரிவ்யூவே இல்லையேங்குது. எனக்குச் சோறு இறங்கல, சத்தியமா.

அப்பதான் வர்த்தகர் சங்கத்துல ஒரு வகுப்பு வச்சாங்க. சின்னக் கடைக்காரங்க ஆன்லைன்ல எப்படிப் பேர் எடுக்கிறதுன்னு. லோகேஷ்னு மதுரைக்காரத் தம்பி, கோட்டு போட்டுக்கிட்டு வந்து நடத்துச்சு. பாத்திரக்கடை அண்ணாச்சி முதக்கொண்டு எல்லாரும் போனைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தோம். நல்லாத்தான் சொல்லுச்சு. கஸ்டமர் சந்தோசமா இருக்கிற நேரம் பாத்து ஸ்டார் கேக்கணும். வீட்டுக்குப் போனப்புறம் கேட்டா போட மாட்டாங்க. பொண்ணு கண்ணாடியப் பாத்து, அம்மாக்காரி கண்ணு கலங்கி நிக்கிறா பாரு, அப்பக் கேக்கணும். அப்புறம் யாரு என்ன எழுதினாலும் பதில் போடணும். சும்மா நன்றின்னு போட்டா அது செத்த பதிலாம். அவங்க பேரு, ஊரு, என்ன வேலை செஞ்சுக்கிட்டாங்க, எல்லாத்தையும் சேத்து எழுதணும். அப்பத்தான் யாராச்சும் தேடுறப்ப நம்ம கடை மேல வரும்னுச்சு.

நான் எதையும் அரைகுறையாச் செய்ய மாட்டேன். அன்னைக்கே உக்காந்து எல்லாத்துக்கும் பதில் எழுதினேன். அன்புள்ள தமயந்தி டீச்சர் அவர்களே, தங்கள் மேலுதட்டு மீசை முடி அகற்றியதில் தாங்கள் திருப்தி அடைந்தமைக்கு நன்றி. இப்படி. இன்னொரு பொண்ணு பேன் எடுக்க வந்துச்சு, அதுக்கும் அதே மாதிரி விவரமா, மரியாதையா. அந்த டீச்சர் அதுக்கப்புறம் இந்தப் பக்கமே வரல. வேற ஊருக்கு மாத்திட்டாங்களோ என்னமோ.

ஆனா பலன் இருந்துச்சு. ஒரு மாசத்துல நம்ம கடை மேல வந்துருச்சு. எதிர்த்த கடைக்காரி என்னைப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்குவா. கம்பம், போடியில இருந்தெல்லாம் போன் வந்துச்சு. நான் நிமிந்து நடந்தேன். அந்த நேரத்துலதான் இந்துமதி வந்துச்சு.

இந்துமதிங்கிறது ஒரு கல்யாணப் பொண்ணு. ரேஷன் கடையில எடை போடுறவரு மக. அம்மாவும் மகளும் வந்து, கதவைச் சாத்தலாமா மேடம்னு கேட்டாங்க. சாத்துனதுக்கு அப்புறம் அந்தப் பொண்ணு துப்பட்டாவை எடுத்துச்சு. கழுத்துல, ரெண்டு கையில, உதட்டோரத்துல வெண்புள்ளி. பாவம், லட்சணமான முகம். பேசுறப்ப கையால வாயை மூடி மூடிப் பழகிருச்சு.

எனக்கு அருவருப்பெல்லாம் கிடையாதும்மா. அது ஒட்டுற நோயே இல்லை, நிறம்தான் போயிருக்கு, அவ்வளவுதான். இதை நானே அந்தம்மாவுக்கு எடுத்துச் சொன்னேன். கல்யாணத்துக்கு முன்னாடி ஒரு தடவை மேக்கப் போட்டுப் பாக்கணும்ல, வெறுங்கையாலதான் தொட்டுப் போட்டேன். கலர் பொருந்துதான்னு பாக்க முதல்ல வெறும் தோலோட படம் எடுத்தேன், போட்டு முடிச்சுட்டு ஒண்ணு எடுத்தேன். படம் எடுக்கிறப்ப அந்தம்மா பயந்துச்சு, இது வெளிய போகாதுல்ல மேடம்னு கேட்டுச்சு. என் கைய விட்டுப் போகாதுன்னு சொன்னேன். போட்டு முடிச்சுக் கண்ணாடி முன்னால நிறுத்துறேன், அந்தப் பொண்ணு கழுத்தைத் தடவித் தடவிப் பாக்குது. அப்புறம் என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதுச்சு. நானும் அழுதேன். அப்படிப்பட்டவ நான். அதை யாரும் பேசுறதில்லை.

கல்யாணம் நல்ல வெயில் காலத்துல. மண்டபத்துல ஏசி பாதியில நின்னு போச்சு, ஜெனரேட்டர் இழுக்கல. அக்னி வளர்த்து அந்தப் புகை வேற. வேர்க்காம என்ன செய்யும்? மாப்பிள்ளை கையப் பிடிச்சுக்கிட்டு அக்னியைச் சுத்தி வர்றப்ப, கையில போட்டது கரைஞ்சு அவன் பட்டுச் சட்டைக் கையில ஒட்டியிருக்கு. அந்தப் பொண்ணு முந்தானையால கையைச் சுத்திக்கிட்டே ரிசப்ஷன் வரைக்கும் நின்னுச்சாம். மேடையில இருந்தே எனக்குப் போன் அடிச்சிருக்காங்க. நான் எடுக்கல. எப்படி எடுப்பேன்? நான் சின்னமனூர்ல இன்னொரு பொண்ணுக்குக் கொண்டை போட்டுக்கிட்டு இருந்தேன். ரிசப்ஷன் முடியுற வரைக்கும் கூட இருக்கேன்னு சொல்லியிருந்தேன்தான், இல்லைங்கல. ஆனா ஒரு முகூர்த்த நாள்ல ஒரே ஆர்டரோட வீட்டுக்குப் போற பியூட்டீசியனை நீ காட்டு பாப்போம்.

மூணாம் நாள் ரிவ்யூ விழுகுது. ஒத்த ஸ்டாரு. 'மேக்கப் தாலி கட்டிய சிறிது நேரத்திலேயே கலைந்துவிட்டது. கடைசி வரை இருப்பதாகச் சொன்னவர் பாதியில் போய்விட்டார். போன் எடுக்கவில்லை. நம்பியிருந்தோம்.' அவ்வளவுதான் எழுதியிருந்துச்சு. பேரு இந்துமதி மனோகர்னு. கல்யாணமான கையோட புருஷன் பேரையும் சேத்து வச்சிருக்கு பாரு.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஒத்த ஸ்டாருன்னா என்னன்னு உனக்குத் தெரியாது, கடை போட்டா தெரியும். மொத்தமும் கீழ இறங்கிரும். எதிர்த்த கடைக்காரி பாத்திருப்பா, சிரிச்சிருப்பா. கட்டிப் பிடிச்சு அழுத பொண்ணு இப்படிச் செய்யலாமா? ஆனா நான் கோபப்படல. லோகேஷ் தம்பி சொன்னது மனசுல இருந்துச்சு. புகார் வந்தா திட்டக் கூடாது, மரியாதையா உண்மையை மட்டும் வைக்கணும், ஆதாரம் இருந்தா காட்டணும். படிக்கிறவங்க புகாரை விடப் பதிலைத்தான் கவனிப்பாங்கன்னு. தனிப்பட்ட விஷயத்தை எல்லாம் போன்ல பேசித் தீத்துக்கணும்னு அதே வகுப்புலயே சொன்னேன்னு அந்தத் தம்பி இப்பச் சொல்லுது. இருக்கலாம். டீ குடுத்ததுக்கு அப்புறம் எனக்கு ஒரு கல்யாண வீட்டுப் போன் வந்துச்சு, நான் வெளிய நின்னு பேசிக்கிட்டு இருந்தேன். கேக்காத பாடத்துக்கு நான் எப்படிப் பொறுப்பு?

அந்தப் பதிலை நான் எத்தனை தடவை எழுதி எழுதி அழிச்சேன் தெரியுமா? ஒரு சொல்லு தப்பா விழுந்துரக் கூடாதுன்னு. இப்பவும் அப்படியே சொல்லுவேன், கேளு.

'அன்புள்ள இந்துமதி அவர்களுக்கு வணக்கம். எங்களைத் தேர்ந்தெடுத்தமைக்கு நன்றி. தங்கள் கழுத்திலும் உதட்டோரத்திலும் இரண்டு கைகளிலும் உள்ள வெண்புள்ளிகளை மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் படாதவாறு மறைத்துத் தரும்படி தாங்களும் தங்கள் தாயாரும் கேட்டுக்கொண்டீர்கள். அதை முழு மனதுடன் செய்து கொடுத்தோம். இத்தகைய சருமத்துக்குப் பல அடுக்கு மேக்கப் தேவைப்படுவதால் வியர்வையில் சற்றுக் கலைவது இயல்பு. மேக்கப்புக்கு முன்பும் பின்பும் எடுத்த படங்களை எங்கள் பக்கத்தில் காணலாம். தங்கள் இல்லற வாழ்வு சிறக்க வாழ்த்துகிறோம்.'

இதுல எங்கயாச்சும் ஒரு வசவு இருக்கா? தாங்கள், தங்கள்னுதான் எழுதியிருக்கேன். வாழ்த்தி முடிச்சிருக்கேன். பாத்திரக்கடை அண்ணாச்சி கூடப் படிச்சுட்டு, பதில்னா இப்படி இருக்கணும்மான்னு சொன்னாரு.

மறுநாள் இந்துமதியோட அம்மா வந்து நின்னுச்சு. செருப்பைக் கூடப் போடல. உள்ள ஒரு பொண்ணுக்குத் தலையில கலர் போட்டுக்கிட்டு இருக்கேன், அதையும் பாக்காம என் கையப் பிடிச்சுக்கிச்சு. எடுத்துருங்க மேடம், இப்பவே எடுத்துருங்கன்னு அதையே திரும்பத் திரும்பச் சொல்லுது. எடுக்கிறேன், உங்க பொண்ணு முதல்ல அதோடதை மாத்தட்டும்னேன். நியாயம்தானே? சண்டை ஆரம்பிச்சது யாரு? அழிச்சா மட்டும் போதாது, நல்லதா நாலு வார்த்தை எழுதி அஞ்சு ஸ்டார் போடச் சொல்லுங்க, அந்த நிமிசமே நானும் எடுத்துர்றேன்னு சொன்னேன். அந்தம்மாவுக்கு ஒண்ணும் விளங்கல. மகளுக்குப் போன் போட்டு என் காதுல வச்சுருச்சு.

அந்தப் பொண்ணு ரொம்ப மெதுவாப் பேசுச்சு. குழாயைத் திறந்து விட்டுட்டுப் பேசுது, தண்ணி விழுகிற சத்தம் கேக்குது.

"அக்கா, அவருக்குத் தெரியும். பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே நான் சொல்லிட்டேன். அவங்க அம்மாகிட்ட மெதுவாச் சொல்லிக்கிறேன்னு சொல்லியிருக்காரு. கொஞ்ச நாள் குடுங்கக்கா. படத்தை மட்டுமாச்சும் இப்ப எடுத்துருங்க."

மாப்பிள்ளைக்கே தெரியும்னா அப்புறம் என்ன ரகசியம் வேண்டிக்கிடக்கு? நீயே சொல்லு. சரி, நீ பேச வேணாம். அதைத்தான் அந்தப் பொண்ணுகிட்டயும் கேட்டேன். நான் இப்பவே மாத்துறேன்க்கா, நீங்களும் எடுத்துருவீங்கல்லன்னு மட்டும் கேட்டுச்சு. எடுத்துருவேன்னேன்.

மாத்திருச்சு. அவங்க அம்மா படி இறங்குறதுக்குள்ளயே மாத்தியிருக்கு. ஆனா நான் உடனே பாக்கல. கலர் போட்ட தலையை நேரத்துக்கு அலசணும், விட்டா வெந்துரும். அப்புறம் உத்தமபாளையத்துல ஒரு நலங்கு. போற வழியில கம்பத்துல இருந்து ஒரு அம்மா போன் பண்ணுது, எங்க பொண்ணுக்கும் இதே மாதிரி புள்ளி இருக்கு, உங்க படத்தைப் பாத்தேன், நீங்கதான் வரணும்னு. அது முடியுறதுக்குள்ள இன்னொரு போன். எனக்குத் தோணுச்சு, இந்தப் படத்தால நாலு பொண்ணுக்கு வழி கிடைக்குதே, இன்னும் ஒரு நாள் இருந்தா என்னன்னு. எடுக்க மாட்டேன்னு சொன்னேனா? ஒரு நாள்தானே.

மறுநாள் சாயங்காலம் எடுத்துட்டேன். பதிலையும் எடுத்துட்டேன், படத்தையும் எடுத்துட்டேன். சொன்ன வாக்கைக் காப்பாத்திட்டேன். அதுக்குள்ள எவனோ அதைப் படம் பிடிச்சு அவங்க சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்புல போட்டுட்டான். நானா போட்டேன்? அந்தக் குரூப்புலயே நான் கிடையாது.

அப்புறம் நடந்தது எல்லாம் நான் கேள்விப்பட்டதுதான். மாமியாக்காரி ஊரைக் கூட்டியிருக்கா. குஷ்டம் பிடிச்சவளை ஏமாத்திக் கட்டி வச்சுட்டாங்கன்னு. அந்தச் சொல்லைத்தான் சொன்னாளாம், படிக்காத ஜென்மம். பொண்ணு சாப்பிட்ட தட்டைத் தூக்கி வெளிய போட்டிருக்கா. அந்த மனோகரு, எல்லாம் தெரிஞ்சவன், வாயைத் திறந்து எனக்கு முன்னாடியே தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். சொல்லலயே. குத்துக்கல்லாட்டம் நின்னிருக்கான். சபையில மாமன், சித்தப்பன் எல்லாம் உக்காந்து உனக்குத் தெரியுமாடான்னு கேக்குறாங்க, தெரியாதுன்னு தலையாட்டியிருக்கான். அந்தப் பொண்ணு அவனைத் திரும்பிப் பாத்துச்சாம். அதோட வண்டியில ஏறி அம்மா வீட்டுக்கு வந்துருச்சாம். இதுல தப்பு யாருதுன்னு நான் சொல்லணுமா? அவன் மட்டும் ஆம்பளையா நின்னிருந்தா இந்தப் பேச்சே இல்லை. எனக்கு அவனை நினைச்சா இப்பவும் பத்திக்கிட்டு வருது.

வலிக்குதா? இழுக்கிற மாதிரி இருக்கும், பொறுத்துக்கோ. உதட்டை அசைக்காத.

ஆடி முடியல, சேதி வந்துச்சு. பொண்ணு இல்லைன்னு. எப்படின்னு கேக்காத. வயித்து வலின்னு சொன்னாங்க. நம்ம பக்கம் இந்த வயசுப் பொண்ணு போனா வயித்து வலின்னுதான் சொல்லுவாங்க, உனக்கும் தெரியும்.

நான் போனேன். எத்தனையோ பேரு போகாதன்னு சொன்னாங்க, நான் போனேன். மேக்கப் பெட்டியையும் எடுத்துக்கிட்டுத்தான் போனேன். சம்பந்தி வீட்டுல இருந்து வருவாங்க, ஊரே வரும், கடைசியா ஒரு தடவை அந்தப் பொண்ணு நல்லபடியாத் தெரியட்டும்னு. ஒத்தப் பைசா எதிர்பாக்காமப் போனேன். நடு வீட்டுல கிடத்தியிருந்தாங்க. நான் பக்கத்துல உக்காந்து பெட்டியத் திறந்தேன். அதோட கலர் எனக்கு அத்துப்படி, கண்ணை மூடிக்கிட்டே கலக்குவேன். கழுத்துகிட்ட கையக் கொண்டு போறேன், அந்தம்மா என் மணிக்கட்டைப் பிடிச்சுருச்சு. சத்தம் போடல, திட்டல.

"மூடாதீங்க மேடம். பாத்துட்டுப் போகட்டும்."

கழுத்துல இருந்த மாலையைக் கூட ஒதுக்கி விட்டுருச்சு. சேலைத் தலைப்புல மூடியிருந்த கையை எடுத்து வெளிய வச்சுச்சு. வர்றவங்க எல்லாம் பாத்தாங்க. என்னத்தைச் சொல்ல, பெத்தவ சொன்னா நாம என்ன செய்ய முடியும். நான் பெட்டியை மூடிக்கிட்டு ஒரு ஓரமா உக்காந்துட்டேன். எனக்கு அழுகை நிக்கல. அங்க என்னைப் பாத்து மூணு நாலு பொம்பளைங்க எந்திரிச்சுப் போயிட்டாங்க. அழ வந்தவளை அப்படி அவமானப்படுத்தலாமா?

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச பிற்பாடு அந்தம்மா கடைக்கு வந்துச்சு. சண்டைக்குத்தான் வருதுன்னு நினைச்சு நான் ஷட்டரை இறக்கலாமான்னு பாத்தேன். இல்லை. அமைதியாத்தான் உக்காந்துச்சு. ஒரு போனை எடுத்து நீட்டுச்சு, மக போனு. யாரோ அக்கம்பக்கத்துப் புள்ளை தேடி எடுத்துக் குடுத்திருக்கு. திரையில நம்ம கடை. அதுல இந்துமதி போட்ட அஞ்சு ஸ்டாரு. 'மிகவும் அருமையான சேவை. அக்கா கடைசி வரை கூடவே இருந்தார். தப்பு என்னுடையது. மன்னிக்கவும்.' நான் சொன்னது நாலு நல்ல வார்த்தைதான். மன்னிப்பெல்லாம் அதுவாச் சேத்துக்கிச்சு.

அன்னைக்கு அந்தம்மா என்னை மேடம்னு கூப்பிடல.

"ஏம்மா, என் மக கடைசியா எழுதினது இதுதான். இது பொய்யி. அவ எழுதின நெசத்தை அழிச்சுட்டு இதை எழுத வச்ச. அவ பேருல பொய்யி இருக்க வேணாம். எடுத்துரு."

நான் பக்குவமாத்தான் சொன்னேன். கடைக்காரங்களால ரிவ்யூவை எடுக்க முடியாதும்மா, எழுதினவங்கதான் எடுக்கணும், அதுதான் ரூலுன்னு. எழுதினவதான் போயிட்டாளேன்னுச்சு. நான் என்ன சொல்லட்டும்? மக போனை வச்சு நீங்களே எடுக்கலாம்னு சொல்லியிருக்கலாம்தான். ஆனா அதுக்கு நாமளா வழி சொல்லிக் குடுக்கணுமா? அஞ்சு ஸ்டாரும்மா. அதுவும் முதல்ல நிக்கிற ஸ்டாரு, அம்புட்டுப் பேரு லைக் போட்டிருக்காங்க. இப்ப வர்ற பாதிப் பேரு அதைப் படிச்சுட்டுத்தான் வர்றாங்க. அது போச்சுன்னா மறுபடியும் எதிர்த்த கடைக்காரி மேல வந்துருவா. அதனால விசாரிச்சுப் பாக்கிறேன்மான்னு சொல்லி அனுப்பி வச்சேன்.

அதுல இருந்து அந்தம்மா வாரா வாரம் வருது. வெள்ளிக்கிழமையானா வந்துரும். உள்ள வராது, கத்தாது, மண்ணை வாரித் தூத்தாது. எதிர்த்தாப்புல மருந்துக்கடை நிழல்ல அந்தப் போனைக் கையில வச்சுக்கிட்டு நிக்கும். நான் ஷட்டரை இறக்குற வரைக்கும் நின்னுட்டுப் போயிரும். மருந்துக்கடைக்காரரு ஸ்டூல் போட்டாரு, உக்கார மாட்டேன்னுருச்சு. போலீஸ்ல சொல்லலாம்னா என்னன்னு சொல்றது? ரோட்டுல நிக்கிறது குத்தமா? கல்யாணப் பொண்ணுங்க வர்றப்பவும் போறப்பவும் யாருக்கா அதுன்னு கேக்குறாங்க. மணப்பொண்ணுக்குக் கண்ணாடியக் காட்டி நிறுத்துறேன், அந்தக் கண்ணாடியில அந்தம்மாவும் நிக்குது. எனக்கு மை இழுவிருது.

லோகேஷ் தம்பிக்குப் போன் பண்ணிக் கேட்டேன். ஒருத்தி ஒண்ணும் எழுதாம, ஒண்ணும் சொல்லாம, வாசலுக்கு எதிர்த்தாப்புல வந்து நின்னா அதுக்கு என்ன பதில் போடுறதுன்னு. நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் கேட்டுச்சு. அப்புறம் போனை வச்சுருச்சு.

காஞ்சிருச்சு, எந்திரி. மெதுவா. குழாய் அந்தப் பக்கம் இருக்கு, முகத்தைக் கழுவு. ஏம்மா, எதுக்கு அவசர அவசரமாத் துடைக்கிற? அப்படியே துப்பட்டாவைச் சுத்திக்கிட்டு எங்க போற? கழுத்துல பேக் பாதி அப்படியே ஒட்டியிருக்கு பாரு.

சரி, போறதுன்னா பின்பக்கமாப் போ. இன்னைக்கு வெள்ளிக்கிழமை.